டப்பா மூடியில் ஒரு சோல்ஜர் நம்பர்

வாசகர் கேள்வி, மோல்மீன் பதில்

கேள்வி: யுத்தக் காலத்தில் எங்கள் தாத்தா தன்பியூசாயாட் பக்கம் மாட்டுவண்டி ஓட்டினார். ஜப்பான்காரர்கள் பர்மாவுக்கும் சயாமுக்கும் (தாய்லாந்து) நடுவே போட்ட 'மரண ரயில்' பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதி ஒருவரிடம் முட்டையும் வெல்லமும் கொடுத்து ஓர் அலுமினிய சாப்பாட்டு டப்பா வாங்கினாராம். மூடியில் பகோடா படம், 'பர்மா 1943', அதற்குக் கீழே வி.எக்ஸ். என்று தொடங்கும் நம்பர். ரங்கூன் ஆள் ஒருவர் நல்ல விலை தருகிறேன் என்கிறார். அண்ணன் விற்கச் சொல்கிறான், அம்மா மியூசியத்துக்குக் கொடு என்கிறார். எதுவானாலும் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுக்கலாம் அல்லவா?
– ஒரு வாசகி, தட்டோன்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேய்க்காதீர்கள் அம்மா. புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். புளி அலுமினியத்தை அரிக்கும், சாம்பலில் உள்ள காரம் அதைவிட மோசம். ஆணி முனையால் கீறிய எழுத்துக்கு ஆழம் எவ்வளவு இருக்கும்? நாலு தரம் அழுத்தித் தேய்த்தால் பகோடாவின் குடை போய்விடும். காய்ந்த பருத்தித் துணியால் தூசியைத் தட்டினால் போதும். நம் ஊர் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டியும் வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். எழுத்து மங்கலாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து போனில் படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட நிழலில் எழுந்து நிற்கும்.

அப்புறம் அந்த நம்பர். வி.எக்ஸ். என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர். என்.எக்ஸ். நியூ சவுத் வேல்ஸ், கியூ.எக்ஸ். குயின்ஸ்லாந்து. ஆஸ்திரேலியாவின் இரண்டாம் உலகப்போர்ப் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, காசு கேட்பதில்லை. நம்பரைத் தட்டினால் பெயர், பிறந்த ஊர், எந்தப் படைப்பிரிவு என்று வரும். இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் கல்லறை எண்ணே கிடைக்கும். தட்டோனிலிருந்து பூ வைக்கப் போகிற தூரத்தில்கூட அது இருக்கலாம்.

கைதி எதற்காகச் சாப்பாட்டு டப்பாவில் படம் போட வேண்டும் என்று நினைப்பீர்கள். காகிதத்தில் எழுதி வைத்து ஜப்பான்காரனிடம் மாட்டினால் உதை. தன்பியூசாயாட்டில் ஆஸ்திரேலியக் கைதிகளுக்குத் தலைவராக இருந்த பிரிகேடியர் வார்லி, தம் நாட்குறிப்பை அங்கேயே மண்ணில் புதைத்துவிட்டுத்தான் போனார். அவர் 1944 செப்டம்பரில், ஜப்பானுக்குப் போகும் வழியில் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு இறந்தார். நாட்குறிப்பைப் போருக்குப் பிறகு தோண்டி எடுத்தார்கள். சாதாரண சிப்பாய்க்கு டப்பா மூடிதான் நோட்டுப்புத்தகம், எப்போதும் கையில் இருக்கும். அதையே முட்டைக்குக் கொடுத்தார் என்றால் பசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பது பற்றி. உங்கள் வீட்டுச் சொத்து, நான் தடுக்க முடியாது. ஆனால் வியாபாரி கைக்குப் போனதும் முதலில் தொலைவது உங்கள் தாத்தா. 'கைதி நம்பருடன் அசல் டப்பா' என்று விலை ஏறும், அந்த விலையில் மாட்டுவண்டிக்கும் வெல்லத்துக்கும் பங்கு கிடையாது. மியூசியமும் இதில் சுத்தம் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் ஒருவர் கொடுத்த பித்தளைப் பெட்டிக்கு, வாங்கிக்கொண்ட இடத்தில் (பெயர் வேண்டாம்) 'உள்ளூர்வாசி அன்பளிப்பு' என்று சீட்டு எழுதி முடித்துவிட்டார்கள். எந்த உள்ளூர், எந்த வாசி? ஆகவே கொடுக்கும் முன் அம்மாவை உட்காரவைத்துப் பேசச் சொல்லி ஒரு தாளில் எழுதுங்கள்: தாத்தா பெயர், எந்த ஊர், என்ன கொடுத்து வாங்கினார், பிறகு அந்த டப்பாவில் வீட்டில் என்ன வைத்திருந்தீர்கள். சாம்பிராணி வைத்திருந்தாலும் எழுதுங்கள். டப்பாவில் டேப் ஒட்டாமல், நூலில் ஓர் அட்டை கட்டுங்கள். அன்பளிப்பா இரவலா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சீட்டில் அந்தக் கைதி, உங்கள் தாத்தா இரண்டு பேர் பெயரும் வரவேண்டும் என்பதை நிபந்தனையாகவே போடுங்கள்.

எங்கே கொடுப்பது? பாதை தொடங்கிய தன்பியூசாயாட்டிலேயே 2016-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள், ரயில் எஞ்சின்கூட நிறுத்தியிருக்கிறார்கள். நாடு இருக்கிற இருப்பில் இப்போது எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம், படமும் தாளும் தயாராக இருக்கட்டும். உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பூட்டுள்ள கண்ணாடி அலமாரி இருந்தால் அதுவும் எனக்குச் சம்மதமே. அதே பாதையில், தாய்லாந்துப் பக்கம் காஞ்சனபுரியில் உலகமே போய்ப் பார்க்கிற ஜீத் என்ற போர்க்கைதிகள் மியூசியத்தை 1977-ல் தொடங்கியது ஒரு புத்த விகாரையின் தலைமைத் துறவி. கைதிகள் இருந்ததுபோல மூங்கில் கொட்டகை போட்டு, அதற்குள் வைத்தார்.

கேள்வி: அந்த ரயில் பாதைத் தண்டவாளம் என்று ஒரு துண்டு வாங்கினேன். யுத்தத்துக்கு ரொம்ப முந்தைய வருடம் அச்சாகியிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகர், பெகு

பதில்: வருடத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஜப்பான்காரர்கள் புதுத் தண்டவாளத்துக்குக் காத்திருக்கவில்லை. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையையே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள், அதனால் பழைய இரும்பு இருப்பது இயல்பு. ஆனால் எங்கே தோண்டி எடுத்தது என்று விற்றவர் சொல்ல மாட்டேன் என்றால், அது இரும்பு, அவ்வளவுதான்.

கேள்வி: மரண ரயிலில் செத்ததில் நம் தமிழர் எத்தனையோ பேர். மியூசியத்தில் அவர்கள் பொருள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே?
– ஒரு வாசகர், ரங்கூன்

பதில்: சிப்பாய்க்கு நம்பர் இருந்தது, கணக்கு வைக்க அதிகாரி இருந்தார், செத்தால் சிலுவை நட ஆள் இருந்தது. தன்பியூசாயாட் கல்லறையில் 3,149 காமன்வெல்த் வீரர்களும் 621 டச்சுக்காரர்களும் இருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நாளைக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி ஏற்றி வந்த தமிழர்களுக்கு ஒழுங்கான பெயர்ப் பட்டியலே இல்லை. காலரா வந்தபோது கூட்டமாகக் குழியில் தள்ளினார்கள். 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த கைதிகள் 12,000-க்கு மேல், ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பர்மியரும் அதில் நிறையப் பேர்.

பொருள் இல்லாமல் இருக்காது. செம்பு, வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி என்று ஏதாவது ஒரு வீட்டில் புழக்கத்திலேயே இருக்கும், நம்பர் கீறவில்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. "பாட்டி சயாமிலிருந்து நடந்து வந்தபோது கொண்டுவந்தது" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், பொருளைவிட அந்தப் பேச்சை முதலில் போனில் பதிவு செய்யுங்கள். சொல்கிறவர்களுக்கு இப்போதே எண்பதைத் தாண்டிவிட்டது.