தார் ரோட்டுக்கும் காட்டுப் பாதைக்கும் ஒரே சைக்கிள்: பணத்தை எங்கே போடுவது?

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 20 கி.மீ. தார் ரோட்டில் ஓட்ட வேண்டும். விடுமுறை நாட்களில் கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மவுண்டன் பைக் வாங்க நினைக்கிறேன். என் பட்ஜெட்டில் இரண்டு கிடைக்கின்றன, விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், 21 கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். மற்றதில் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 18 கியர், ஆயில் டிஸ்க் பிரேக். எதை எடுக்கலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதை எடுங்கள்.

குறைந்த விலையில் பின் சஸ்பென்ஷன் கொடுக்க வேண்டுமென்றால் கம்பெனி வேறெங்கோ கை வைத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் ஹப்பிலும் (சக்கரத்தின் நடுப்பகுதி) பிரேக்கிலும் கை வைப்பார்கள். அந்தப் பின் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். அதைக் கட்டுப்படுத்தும் டேம்பர் இருக்காது. தார் ரோட்டில் நீங்கள் மிதிக்க மிதிக்க அது அமுங்கி அமுங்கி எழும். காலின் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். ஃபிரேமின் பின்பகுதி அசையும் இடங்களில் உள்ள புஷ்கள் தேய்ந்தால் பின் சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். எடையும் கூடுதல்.

21 கியர் என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. அதில் பலவும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கியர்கள்தான். 18 என்பது பெரும்பாலும் முன்னால் 2, பின்னால் 9. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, பின்னால் இருப்பது ஃபிரீவீலா கேசட்டா என்று பாருங்கள். 7 என்றால் அநேகமாக ஃபிரீவீல். 9 என்றால் அநேகமாக கேசட். ஃபிரீவீல் ஹப்பின் மேல் மரையில் முறுக்கி ஏற்றப்படுவது. அதில் வலப்பக்க பேரிங் பல்சக்கரங்களுக்கு உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருப்பதால், அங்கிருந்து ஆக்சில் முனை வரை தாங்கல் இல்லாத நீளம் அதிகம். கல்லில் இடி வாங்கும்போது ஆக்சில் வளைவது அந்த இடத்தில்தான். கேசட் என்பது ஹப்போடு சேர்ந்த சுழலும் பகுதியின் மேல் செருகி வைக்கும் பல்சக்கரத் தொகுப்பு. அதில் வலப்பக்க பேரிங் ஆக்சில் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடையிலேயே சோதித்துவிடலாம்: பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றி, நடுவே கழற்றும் டூல் பொருந்தும் பள்ளங்களைக் கவனியுங்கள். பல்சக்கரங்களோடு சேர்ந்து அவையும் சுற்றினால் கேசட், அசையாமல் நின்றால் ஃபிரீவீல்.

முன்னால் 36, 22 பற்கள், பின்னால் 11 முதல் 34 வரை இருந்தால் உங்கள் தேவைக்கு அளவெடுத்த மாதிரி. 29 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் உச்ச கியரில் மணிக்குச் சுமார் 40 கி.மீ. வேகம். அடிக் கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். செங்குத்தான மண் ஏற்றத்துக்கு அது வேண்டும். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் உள்ள மாடலைக் காட்டினால், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 42 பற்களாவது இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னால் 32, பின்னால் பெரியது 34 என்று கொடுத்தால் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டிவரும்.

ஆயில் பிரேக்காலும் ஒரு லாபம் உண்டு. மலிவான கேபிள் டிஸ்க்கில் ஒரு பக்கக் கட்டை (பிரேக் பேட்) மட்டுமே நகர்ந்து டிஸ்க்கை மறுபக்கக் கட்டையின் மேல் தள்ளும். கட்டை தேயத் தேய நீங்களே டைட் செய்துகொண்டிருக்க வேண்டும். ஆயில் பிரேக்கில் இரு கட்டைகளும் தாமாகவே நெருங்கி வரும். ஒரு எச்சரிக்கை: சக்கரத்தைக் கழற்றிய நிலையில் லீவரை அழுத்தாதீர்கள், பிஸ்டன்கள் வெளியே வந்துவிட்டால் டிஸ்க் உள்ளே நுழையாது. கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைத்தால் போதும். புது பிரேக் முதல் நாளே நன்றாகப் பிடிக்காது. 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாக 15, 20 தடவை பிடித்து வேகம் குறையுங்கள். அதன்பிறகுதான் அது முழுதாகப் பிடிக்கும்.

இந்த விலையில் ஏமாற்றம் வருகிற இடம் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை. அசைவு 100 மி.மீ. போதும். ஃபோர்க்கில் உள்ளே வழுக்கி இறங்கும் குழாயின் விட்டம் 28 மி.மீ. என்றால் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கும். 30 அல்லது 32 மி.மீ. நல்லது. லாக்அவுட் கட்டாயம் வேண்டும், தார் ரோட்டில் ஃபோர்க்கைப் பூட்டிவிட்டு ஓட்டலாம். காட்டுப் பாதைக்குள் இறங்கும் முன் திறக்க மறந்துவிடாதீர்கள். கைப்பிடியை அமுக்கிச் சட்டென்று விட்டுப் பாருங்கள். முன் சக்கரமே தரையை விட்டு எம்பினால் அதில் டேம்பிங் இல்லை என்று அர்த்தம். ஸ்பிரிங் ஃபோர்க்குகள் நடுத்தர எடைக்காரருக்காகத்தான் வருகின்றன. நீங்கள் 55 கிலோ என்றால் அது அசையவே யோசிக்கும்; காற்று ஃபோர்க் என்றால் உங்கள் எடைக்கேற்ப காற்றை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஏறி உட்கார்ந்தாலே 20 முதல் 25 மி.மீ. இறங்குவதுதான் சரியான அளவு. மோசமான ஃபோர்க்கை விட, சஸ்பென்ஷனே இல்லாத ஃபோர்க்கும் அகல டயரும் மேல் என்பது எங்கள் கருத்து. சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ரோட்டில் ஓடும் சுகத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது டயர். சைக்கிளோடு வருகிற முரட்டுப் பற்கள் தார் ரோட்டில் இரைந்துகொண்டே இழுக்கும். திருப்பத்தில் பற்கள் மடிந்து நெளியும். நடுவில் தொடர்ச்சியான தாழ்ந்த கோடும் ஓரங்களில் பற்களும் உள்ள 2.1 அங்குல டயரை முதலில் பின்னால் மட்டும் மாட்டுங்கள். உடல் எடையில் பெரும்பங்கு விழுவதும், சீக்கிரம் தேய்வதும் பின் டயர்தான். முன் டயரில் பற்கள் அப்படியே இருக்கட்டும்: பின்சக்கரம் சறுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் சறுக்கினால் கீழேதான். சேறு ஊறிய பாதையில் இந்தப் பின் டயர் வழுக்கும், அது தெரிந்தே எடுக்கும் முடிவு.

காற்றை இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். டியூப் போட்ட 2.1, 2.2 அங்குல டயருக்கு, 70 கிலோ எடைக்காரர் ரோட்டில் 40 பி.எஸ்.ஐ., காட்டில் முன்னால் 26, பின்னால் 29 என்று தொடங்கலாம். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழுந்தால் அது முள் வேலை இல்லை. காற்று குறைந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

அளவு பார்க்க, ஃபிரேமின் மேல் குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நில்லுங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் இடையே 5 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். சீட் உயரத்துக்கு, செருப்பில்லாமல் அளந்த உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. கால் என்றால், மிதிக் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட் மேல்வரை சுமார் 70.6 செ.மீ. உயரம் 160 செ.மீ.க்குக் கீழ் என்றால் 27.5 அங்குலச் சக்கரம் கைக்கு அடங்கும்.

பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம். கியர் மாற்றி மாட்டியிருக்கும் ஹேங்கர் தனியாகக் கழல்கிறதா? கீழே விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஃபிரேமோடு ஒட்டியே வந்தால் சங்கடம். ஹெட் டியூப் (ஃபிரேமின் முன்னால் ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாய்) கீழே அகன்று இருக்கிறதா? நேராக இருந்தால் பிற்பாடு ஃபோர்க் மாற்றத் தேர்வுகள் குறைவு. கேரியர் மாட்டத் துளைகள் உண்டா? பிறகு கையேட்டைப் புரட்டி, எந்த மாதிரிப் பாதைக்கு என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பார்வைக்கு மவுண்டன் பைக் போலவே இருந்துகொண்டு, கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவை உண்டு.

முதல் 100, 150 கி.மீ. ஓடியதும் கேபிள்கள் படிந்து கியர் தடுமாறும், ஸ்போக்குகளும் இளகும். ஒரே பக்கத்து ஸ்போக்குகளை விரலால் சுண்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால், சக்கரத்தில் பெண்ட் விழுவதற்குள் கடைக்குக் கொண்டுபோய் டைட் செய்துவிடுங்கள்.