ஆத்தாவுக்கு ஸ்கேன், மகனுக்கு இல்லை: எது சரி?

கேள்வி: நாங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருக்கிறோம். ஆத்தாவுக்கு 76 வயது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். போன வாரம் வளவைக் கழுவிவிட்ட ஈரத்தில், ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. மயக்கமோ வாந்தியோ இல்லை. ஆனாலும் அவசரப் பிரிவில் உடனே சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். போன மாதம் 9 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றி வீங்கியபோது நாங்களே கேட்டும் எடுக்கவில்லை. சில மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். எது சரி? கதிர்வீச்சு ஆத்தாவைப் பாதிக்காதா?

பதில்: இரண்டுமே சரிதான், அம்மா.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது, மண்டையோடு சுருங்குவதில்லை. நடுவில் உண்டாகும் இடைவெளியைத் தாண்டிப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. தலை கல்லில் மோதும்போது அதில் ஒன்று அறுந்தால், ரத்தம் மெல்லக் கசியும். தேங்க இடமும் இருப்பதால் முதலில் தலைவலிகூட வராமல் இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தக் கசிவு எளிதில் நிற்காது. தலைக்காயத்துக்காகக் கனடாவில் 2001இல் வகுத்த விதியில் 65 வயதே ஓர் ஆபத்துக் குறி. ஆத்தா தெளிவாகப் பேசினார்கள் என்பதை நம்பி அப்படியே அனுப்பியிருந்தால்தான் நான் வருந்தியிருப்பேன்.

மகன் விஷயம் வேறு. நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, உயரத்திலிருந்து விழவில்லை என்றால், உடனே அறுவை செய்ய வேண்டிய காயம் உள்ளே இருப்பது மிக அரிது. 42,000க்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. அந்தச் சில மணி நேரமும் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தார்களே, அதுவும் சிகிச்சைதான்.

தலைக்கு ஒரு சி.டி. என்பது சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் எல்லோரும் ஓராண்டில் இயல்பாகப் பெறும் அளவை ஒட்டியது. 76 வயதில் அதை எண்ணிக் கலங்க வேண்டாம். வளரும் பிள்ளையின் செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிப்படையும். முன்னால் நெடிய ஆயுளும் இருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு யோசித்து எடுக்கிறோம்.

எனக்குக் கவலையெல்லாம் 'ஒன்றுமில்லை' என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான். அன்றைக்கு, அந்த நேரத்தில் கசிவு இல்லை என்பதை மட்டுமே ஸ்கேன் சொல்கிறது. விழுந்து மூன்று வாரம் கழித்து ஒரு பெரியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க முடியாமல் அவருடைய வலது கை தடுமாறியது. வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் பத்து நாள் விட்டிருக்கிறார்கள். ஸ்கேனில் இடது பக்கம் பழைய ரத்தம் தேங்கியிருந்தது. மண்டையில் சிறு துளையிட்டு வடித்த பிறகு அதே கையால் பொத்தானைப் போட்டார்.

ஆகவே இரண்டு, மூன்று மாதம் ஆத்தாவைக் கண்ணில் வைத்திருங்கள். வழக்கத்தை மீறிய தூக்கம், விடாத தலைவலி, குழறல், நடையில் சாய்வு, பேரன் பெயரையே மாற்றிச் சொல்வது: இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு, மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஸ்கேன் படத்தையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். அவசரப் பிரிவில் நாங்கள் முதலில் தேடுவது அந்த அட்டையைத்தான்.

பயந்துபோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ரத்தக் கட்டி உண்டாகி, பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். இந்த வாரமே இதய மருத்துவரிடம் விழுந்த விவரத்தைச் சொல்லி, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.