டுவைட் குடன்: கெடுத்தது கோகைனா, தேய்ந்த தோளா?

கேள்வி: டுவைட் குடன் அமெரிக்க பேஸ்பால் பிட்சராமே. பிட்சர் என்றால் நம்ம பவுலர் மாதிரிதானே?

பதில்: ஓடி வரக் கூடாது, பந்து தரையில் குத்தாது. அதற்கு மேல் ஒப்பிட்டால் குழம்பிப்போவீர்கள்.

கேள்வி: குடன் 194 வெற்றி, 112 தோல்வி. இதில் என்ன அதிசயம்?

பதில்: அணியின் வெற்றியைப் பிட்சர் பெயரில் எழுதும் கணக்கு அது; அதை வைத்து அவரை எடை போடாதீர்கள். சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? 1984இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு ஆட வந்தபோது வயது 19. அந்த முதல் வருடமே 276 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றியது. 1985இல் இஆர்ஏ 1.53, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக ஒன்றரை ரன்தான் விட்டார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாகத் தூக்கிக் கொடுத்தார்கள். அவருடைய கர்வ்பாலை, அந்த வளைந்து விழும் பந்தை, பழைய வீடியோவில் பாருங்கள். தோள் உயரத்தில் வருகிறதே என்று பேட்டர் விட்டுவிடுவார், அது முழங்காலுக்குச் சரிந்து கேட்சர் கையுறையில் கிடக்கும்.

கேள்வி: எல்லாம் கோகைனால் போச்சு, இல்லையா?

பதில்: 1986இல் மெட்ஸ் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்று ஊர்வலம் போனபோது, போதைப்பொருள் விற்பவரின் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்ததாக அவரே பின்னால் சொன்னார். 1987இல் பரிசோதனையில் சிக்கி மறுவாழ்வு மையம், 1995 முழுக்கத் தடை, 2006இல் சிறை. மறுக்கவில்லை. ஆனால் கையைப் பிழிந்ததை ஏன் யாரும் பேசுவதில்லை? 18 வயதில் மைனர் லீகில், அதாவது கீழ்நிலைப் போட்டியில், 191 இன்னிங்ஸ், 19இல் 218, 20இல் 276க்கு மேல். 1985இல் 268ஆக இருந்த ஸ்ட்ரைக்அவுட் 1986இல் 200க்கு இறங்கிவிட்டது. பரிசோதனையில் சிக்கியது அதற்கப்புறம்தான்.

கேள்வி: சிக்கியதுதான் 1987. பழக்கம் முன்பே வந்துவிட்டதே! தோள் கதை சப்பைக்கட்டு.

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1986 சரிவில் எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. ஆனால் 1991இல் தோளைக் கிழித்து அறுவை செய்தார்களே, அதையும் கோகைன் தலையில் கட்டுவீர்களா?

கேள்வி: கட்டுவேன். ஒழுங்காகத் தூங்காத உடம்பு எப்படித் தேறும்?

பதில்: 276 இன்னிங்ஸ் வீசிய இருபது வயதுப் பையன் எட்டு மணி நேரம் தூங்கினாலும் தோள் தோள்தான். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: கோகைன் இல்லாவிட்டால் ஹால் ஆஃப் ஃபேமில், அந்தப் புகழ் மண்டபத்தில், இடம் கிடைத்திருக்குமா?

பதில்: மேலே தோளைப் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். 2006 வாக்கெடுப்பில் ஐந்து சதவீதம்கூடத் தேறாமல் பட்டியலிலிருந்தே போய்விட்டார்.

கேள்வி: தடைக்குப் பிறகு உருப்படியாக ஏதாவது?

பதில்: 1996 மே 14. இப்போது நியூயார்க் யாங்கீஸ் அணியின் சட்டை, எதிரே சியாட்டில் மரைனர்ஸ். மறுநாள் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. தவறான பந்துகளால் ஆறு பேரை இலவசமாக முதல் தளத்துக்கு நடக்கவிட்டார், 134 பந்து வீசினார், ஆனால் அடித்துத் தளம் பிடிக்கும் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. பழைய வேகம் இல்லாத கை அது. எனக்கு 1985ஐ விட இந்த ஆட்டம்தான் பிடிக்கும்.

கேள்வி: அவர் சட்டை எண்ணை இனி யாருக்கும் தராமல் மெட்ஸ் கௌரவித்ததா?

பதில்: 16. 2024 ஏப்ரலில்.

கேள்வி: 194 வெற்றிக்கா இவ்வளவு?

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.