கேள்வி–பதில்: முள் டயலா, திரையா?

கேள்வி: மகன் விமானப் பயிற்சியில் சேரப்போகிறான். ஒரு பள்ளியில் பழைய செஸ்னா 152. இன்னொன்றில், எல்லா அளவீடுகளையும் திரையில் காட்டும் ஜி1000 வைத்த செஸ்னா 172. எதில் தொடங்கலாம்? – வாசகர், சேலம்

பதில்: 152-இன் தயாரிப்பு 1985-லேயே நின்றுவிட்டது. அந்த வயதைக் கண்டு மிரள வேண்டாம். பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். முதல் தனிப் பறப்பு வரை 152 போதும் என்பதே என் கட்சி. வேகமானியின் முள் எந்தப் பக்கம் சரிகிறது என்பது ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிடும். திரையில் வேகமும் உயரமும் ஓடும் எண்கள். புதியவர் அவற்றைப் படித்துக்கொண்டிருப்பார். அதற்குள் மூக்கு அடிவானத்துக்கு மேலே போயிருக்கும். பயிற்றுநர்கள் சிலர் திரையை அட்டையால் மூடிவிட்டு, வெளியே பார்த்து ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

பழையதிலும் வம்பு உண்டு. திசைகாட்டும் கைரோ (சுழல் சக்கரக் கருவி) மெல்ல மெல்ல விலகும். சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, சமமட்டத்தில் நேராகப் பறக்கும்போது காம்பஸைப் பார்த்துத் திருத்த வேண்டும். கைரோக்களைச் சுழற்றும் வேக்யூம் பம்ப் நின்றால், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் உடனே விழாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். மேகத்துக்குள் அதை நம்பித் திருப்பினால் சுழல் இறக்கம்தான். திரைக்குத் தகவல் தரும் உணரி பழுதானால் திரையே சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, 'என்னை நம்பாதே' என்று சொல்லிவிடும்.

ஆனால் திரை இருந்தாலே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். அமெரிக்க விபத்து ஆய்வு வாரியம் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், திரை வைத்த சிறு விமானங்களின் மொத்த விபத்து விகிதம் குறைவு. உயிர்ச்சேத விபத்து விகிதமோ அதிகம்.

கேள்வி: இறங்கும்போது 152-இல் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் கைப்பிடி) இழுக்கச் சொல்கிறார்கள். சென்னை வெயிலில் பனி எங்கிருந்து வரும்?

பதில்: பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குள்ளிருந்து. பெட்ரோல் ஆவியாவதும் அழுத்தம் குறைவதும் சேர்ந்து அங்கே காற்றை 20 டிகிரிக்கு மேலும் குளிர வைக்கும். வெளியே 25 டிகிரியும் கடற்கரை ஈரமும் இருந்தால் போதும். எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மூடியிருக்கையில் அந்தச் சின்ன இடுக்கில் பனி கட்டும். முதல் அறிகுறி, ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) தானாகக் குறைவது. கார்ப் ஹீட் கைப்பிடியை முழுசாக இழுங்கள், பாதியில் நிறுத்த வேண்டாம். ஆர்பிஎம் இன்னும் இறங்கும், உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் சில விநாடிகள் குலுங்கும், பிறகு ஏறும். அந்தக் குலுக்கலில் பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவதுதான் வழக்கமான தவறு. இறங்காமல் மீண்டும் மேலேறும்போது மட்டும் தள்ளுங்கள். இல்லையேல் முழு பவர் கிடைக்காது.

கேள்வி: மதியம் எரிபொருள் நிரப்பி வந்தால் 172 ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறதே?

பதில்: 172எஸ் ரகத்தில் இருப்பது பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் எஞ்சின், கார்புரேட்டர் பனி கிடையாது, பதிலுக்கு இந்தத் தொல்லை. எஞ்சின் சூட்டில் குழாய்களுக்குள் பெட்ரோல் ஆவியாகி நிற்கும். பிரைம் செய்யாதீர்கள் (ஸ்டார்ட் செய்யுமுன் பெட்ரோல் பாய்ச்சாதீர்கள்). த்ராட்டில் கால் அங்குலம், மிக்ஸ்சர் (பெட்ரோல்–காற்றுக் கலவையை மாற்றும் கைப்பிடி) முழுதும் வெளியே, ஸ்டார்ட்டர். எஞ்சின் பிடித்ததும் மிக்ஸ்சரை நிதானமாக உள்ளே தள்ளுங்கள். 10 விநாடிக்கு மேல் சுழற்றாமல், 20 விநாடி ஆறவிட்டு மீண்டும் முயலுங்கள். மூன்று முறைக்கும் மசியாவிட்டால் 10 நிமிடம் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.