காயம்பட்ட பின் எடை தூக்கலாமா? – கேள்வி பதில்

எடைப்பயிற்சியில் காயம்பட்டவர்கள் ஓய்வெடுப்பதா, தொடர்ந்து தூக்குவதா என்று குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள். பிசியோதெரபி பணியிலும் பளுதூக்குபவர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் கற்றதைக் கொண்டு பதில் எழுதுகிறேன். நேரில் சோதிக்காமல் யாருடைய காயத்தையும் இன்னதென்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை எழுத்திலேயே சொல்லிவிடலாம்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அண்ணா, மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. வலியைப் பார்த்தால் உடம்பு வளராது என்கிறார் ஜிம் மாஸ்டர். மூன்று மாதம் எதையும் தொடக்கூடாது என்கிறார் மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவருமே வலி இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்த வலி எப்படி நடந்துகொள்கிறது என்பதே நமக்கு முக்கியம். ஆகவே மூன்று வேளைகளில் அதைக் கவனியுங்கள்: தூக்கும்போது, அன்று இரவு, மறுநாள் காலை எழுந்தவுடன். வலியே இல்லை என்பதற்குப் பூஜ்யம், தாங்கவே முடியாது என்பதற்குப் பத்து என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் ஓர் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் வரும் வலிக்கான சிகிச்சையை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், பயிற்சியின்போது வலி ஐந்து வரை போனாலும், மறுநாள் காலைக்குள் அடங்கி, வாரத்துக்கு வாரம் கூடாமல் இருந்தால் பயிற்சியைத் தொடர அனுமதித்தார்கள். அருகில் நின்று பார்க்க ஆள் இல்லாமல் பயிற்சி செய்யும் உங்களுக்கு நான் மூன்றையே எல்லையாக வைப்பேன். தோள் விஷயத்தில், அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் இரவில் விழிப்பு வருகிறது என்றால், பகலில் எண் குறைவாக இருந்தாலும் எடை அதிகம் என்றுதான் பொருள்.

எண் எல்லைக்குள் வந்து நிற்கும் அளவுக்கு எடையைக் குறையுங்கள். தண்டை நெஞ்சுவரை இறக்காமல், தரையில் படுத்து முழங்கை தரையைத் தொடும் அளவோடு நிறுத்துங்கள். அதுவும் வலித்தால், டம்பெல்லை உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்துச் செய்து பாருங்கள். கால், முதுகுப் பயிற்சிகளில் தோள் வலிக்காதவற்றை எப்போதும்போல் செய்யுங்கள். ஓய்வு தேவைப்படுவது தோளுக்கு. அதற்காக உடம்பு முழுவதையும் மூன்று மாதம் முடக்கிவிட்டால், திரும்பி வரும்போது தளர்ந்துபோன தோளின்மேல் பழைய எடையை ஏற்றுவீர்கள், அதே வலி மீண்டும் வரும். இரண்டு, மூன்று வாரத்தில் எண் இறங்கவே இல்லையென்றால், அல்லது கையைத் தலைக்குமேல் தூக்கவே வலுவில்லையென்றால், அதே மருத்துவரிடம் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

குளச்சல், விசைப்படகுத் தொழிலாளி: தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட் செய்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இனி வாழ்நாளில் எடை தூக்கவே முடியாதா?

அறிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், ஐம்பது வயதினரில் 60 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. ஆகவே உங்கள் படத்தில் தெரிவது இந்தக் காயத்திற்கு முன்பே இருந்திருக்கலாம். படுத்தே கிடப்பது முதுகுக்கு உதவாது. ஒன்றிரண்டு நாள் சிரமப்பட்டாலும், தாங்கும் அளவுக்கு வீட்டைச் சுற்றி நடங்கள். குனிந்து செருப்பு மாட்ட முடிகிற நிலை வந்ததும், பாரை முழங்கால் உயரத்தில் கட்டையின்மேல் வைத்து, லேசான எடையோடு மீண்டும் தொடங்கலாம்.

உங்களுக்கு நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வலை இழுப்பதும், ஐஸ் பெட்டி தூக்குவதும் எடைதான். கடலுக்குப் போய்வந்த வாரத்தில் ஜிம்மில் முதுகுக்கு வேலை கொடுக்காதீர்கள். மீன்பிடித் தடைக்கால வாரங்களில் பொறுமையாக எடையை ஏற்றிக்கொள்ளுங்கள். ஜிம்முக்குப் போகவில்லை, அதனால் ஓய்வெடுத்தேன் என்று படகில் உழைப்பவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதுகு அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

சிறுநீர் கழிக்க வராமல் அடைத்துக்கொண்டால் அல்லது அறியாமல் கசிந்தால், மலம் கட்டுப்பாடின்றிப் போனால், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் கால் தளர்ந்தால், காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்கும்போது சில மணி நேரத் தாமதமும் நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

தக்கலை: முந்தாநாள் டெட்லிஃப்டில் ஒரு கை மேலாகவும் ஒரு கை கீழாகவும் பிடித்துத் தூக்கினேன். முழங்கை மடிப்பில் ஏதோ அறுந்த சத்தம் கேட்டது. இப்போது அங்கே கறுத்திருக்கிறது, புஜத் தசை மேலே சுருண்டு நிற்கிறது. வர்ம வைத்தியம் செய்யும் ஆசான் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டிருக்கிறார். எப்போது மறுபடி தூக்கலாம்?

இதைப் படித்தவுடன் எலும்பு மருத்துவரிடம் புறப்படுங்கள். உள்ளங்கை மேல்நோக்கிப் பிடித்த கையில் பைசெப்ஸ் தசைநாண் முன்கை எலும்பிலிருந்து அறுந்தால் நீங்கள் எழுதியிருப்பது போலவே தெரியும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், முதல் இரண்டு, மூன்று வாரத்திற்குள் தைப்பது எளிது; நாள் போகப் போக அறுந்த முனை மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். நம் மாவட்டத்தின் வர்ம ஆசான்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் எலும்பைவிட்டு அறுந்த நாண் எண்ணெயிலும் கட்டிலும் பழைய இடத்தில் போய் ஒட்டாது. மேலும், புதிதாகக் கிழிந்து உள்ளே இரத்தம் கட்டியிருக்கும் தசையை அழுத்தித் தடவினால், இரத்தக்கசிவு கூடும். சில சமயம் தசைக்குள்ளேயே எலும்பு போன்ற கட்டி உருவாகவும் கூடும். தடவல் எதுவானாலும் முதல் சில நாட்களுக்கு வேண்டாம் என்று ஆசானிடமே பணிவோடு சொல்லிவிடுங்கள்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி: முழங்கையின் வெளிப்பக்கம் வலி. ஊசி போட்டார்கள், ஒரு மாதம் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசமாக இருக்கிறது. மாலையில் ஜிம்முக்கும் போகிறேன். இன்னொரு ஊசி போடலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்டீராய்டு ஊசி இந்த வலிக்கு முதல் சில வாரங்கள் நல்ல நிவாரணம் தரும்; ஆனால் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள் என்று 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. வலி மறைந்திருந்த அந்த ஒரு மாதத்தில் நீங்கள் மரத்திலும் ஜிம்மிலும் முழு வேகத்தில் உழைத்திருப்பீர்கள் என்பதும் என் ஊகம்.

விடியற்காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் கத்தியை இறுகப் பிடித்து மணிக்கட்டை வளைத்து இழுக்கிறீர்கள். அந்தப் பிடிதான் முழங்கையின் வெளிப்பக்க நாணுக்கு வேலை கொடுக்கிறது. மாலையில் புல்-அப்பும் பார்பெல் ரோவும் அதே நாணின்மேல் ஏறுகின்றன. வெட்டு உங்கள் பிழைப்பு, அதை விடச் சொல்ல மாட்டேன். ஜிம்மில் இறுகப் பிடிக்க வேண்டிய பயிற்சிகளை இப்போதைக்குப் பாதியாகக் குறையுங்கள், மீதியை மணிக்கட்டையும் கம்பியையும் சேர்த்துப் பட்டை சுற்றிச் செய்யுங்கள். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, ஒரு சிறிய டம்பெல்லை அசைக்காமல் முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி தாங்கிப் பிடியுங்கள். நடுவில் ஓய்வு விட்டு ஐந்து முறை. வலி அடங்கத் தொடங்கியதும், அதே எடையை மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். தசைநாண் தேறுவதற்கு மாதக்கணக்கு ஆகும், மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். மழையால் வெட்டு நிற்கும் நாட்களும், இலையுதிர்ந்து தளிர்விடும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு தரும் வாரங்களும் உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. முழங்கையைப் பலப்படுத்தும் எடையை அப்போது கூட்டுங்கள்.

நாகர்கோவில்: வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யலாமா?

கூடாது. இதுவரை நான் சொன்ன கணக்கெல்லாம் வலியை வைத்துத்தான். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை அதை மறைத்துவிடும். வியர்த்து நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்திற்கும், வெறும் வயிற்றில் இரைப்பைக்கும் அது கெடுதல்.

கருங்கல், ஒரு தாய்: என் மகளுக்குப் பதினாறு வயது. பவர்லிஃப்டிங் போட்டிகளுக்குப் போகிறாள். ஒரு மாதமாக இடுப்பு வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது. போட்டி நெருங்குகிறது. பயிற்சியாளர் சமாளிக்கலாம் என்கிறார்.

அம்மா, இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். வளரும் வயதில், பின்னால் வளையும்போது கூடும் இடுப்பு வலி இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், முதுகெலும்பின் பின்வளைவில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். மற்றவர்கள் பலருக்குத் தொடருங்கள் என்று எழுதிய நானே இங்கே நிறுத்தச் சொல்வதற்குக் காரணம், அளவான சுமையில் தேறும் நாணைப்போல் விரிசல்விட்ட எலும்பு தேறுவதில்லை என்பதே. விரிசல் உறுதியானால் இரண்டு, மூன்று மாதம் பளுவின்றி இருக்க வேண்டி வரும். ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகத் தேறிப் போட்டிக்குத் திரும்புகிறார்கள்.

இன்னொன்றையும் அவளிடம் தனியாகக் கேளுங்கள். எடைப் பிரிவுக்காக உணவைக் குறைக்கிறாளா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா அல்லது நின்றுவிட்டதா? அப்படியானால் எலும்புக்குப் போதிய ஊட்டம் இல்லை; ஓய்வு மட்டும் போதாது, சாப்பாட்டையும் சரிசெய்ய வேண்டும். இதை மகளிர் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

ஆரல்வாய்மொழி: ஜிம்மில் சேர்ந்து முதல் வாரம். எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்த மறுநாள் படியிறங்க முடியவில்லை. இது காயமா?

இரு தொடைகளிலும் ஒரேபோல் பரவலாக வலித்து, இரண்டு, மூன்று நாளில் குறைந்தால் அது பழக்கமில்லாத உழைப்பின் வலி. லேசாக நடந்தாலே போதும். ஒரே இடத்தில் குத்தினால் அல்லது மூட்டு வீங்கினால் காயம். தொடை கல்லாக இறுகி, சிறுநீர் பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில் போனால், சிதைந்த தசை சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரணியல்: கணுக்காலில் ஜவ்வு கிழிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் சேர்த்த தசையெல்லாம் போய்விடுமா?

போகாது. கட்டுப் போடாத இடங்களில் மூன்று வாரம் வரை வலு பெரிதாகக் குறைவதில்லை. குறைந்த வலுவும் புதிதாகச் சேர்க்கும் காலத்தைவிட விரைவில் திரும்பும். உட்கார்ந்து செய்யும் மேலுடல் பயிற்சிகளைத் தொடருங்கள். நல்ல காலுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தால், கட்டுப் போட்ட காலின் வலுவும் ஓரளவு காக்கப்படும். இரண்டையும் இயக்குவது ஒரே நரம்பு மண்டலம்.

கொட்டாரம், ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63: தம்பி, சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாகக் குதிகாலுக்கு மேல் இரு பக்கமும் வலி. லேசான எடைதான் தூக்குகிறேன். தொடரலாமா?

ஐயா, எடை தூக்குவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று எழுதியிருந்தால், அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து வேறு மருந்து கேளுங்கள். இந்த வகை மருந்துகள் சிலருக்குத் தசைநாணைப் பலவீனப்படுத்தும். குதிநாண் அறுந்துபோவதும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தை நிறுத்தி மாதங்கள் கழித்தும் பாதிப்பு தெரியலாம் என்பதால், மருத்துவர் காலைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எடையோ, வேக நடையோ, படியேற்றமோ வேண்டாம். இனி எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்து எழுதும் முன்பே இந்த மாத்திரையின் பெயரையும், அதைச் சாப்பிட்டபோது கால் வலித்ததையும் சொல்லிவிடுங்கள்.