சாவிக்கடை பதில்கள்: மாங்காயும் மங்காதான், பூட்டும் மங்காதான்

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம், ஐந்தடிப் பாதையில் (கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) 35 வருடமாகச் சாவி வெட்டுகிறவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*கதவுப் பூட்டில் சாவி இறுக்கமாகத் திரும்பியது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு வாரம் வெண்ணெய் மாதிரி போனது. இப்போது சாவி பாதி நுழைந்து நின்றுகொள்கிறது. பூட்டு செத்துவிட்டதா?*
*வாசகி, ஆயர் ஈத்தாம்*

சாகவில்லை அம்மா. அதைத் தாளித்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

போன மாதம் இதே நோயோடு ஒரு பூட்டு கடைக்கு வந்தது. கழற்றி வெள்ளைத் தட்டில் கொட்டினேன். நம் வீட்டுக் கதவுப் பூட்டுக்குள் சாவி நுழைகிற உருளை ஒன்று இருக்கும். அதன் முதுகில் வரிசையாக ஐந்து துளை. ஒவ்வொரு துளையிலும் அரிசி மணி அளவில் இரண்டு பித்தளைக் குச்சிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றைக் கீழே அழுத்திக்கொண்டு முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் குச்சி பாதி உருளைக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்று, உருளையைத் திரும்ப விடாது. சாவியில் இருக்கிற மேடு பள்ளம் ஒவ்வொரு ஜோடியையும் அளவாகத் தூக்கும். ஐந்து ஜோடியும் பிரிகிற இடம் ஒரே கோட்டுக்கு வந்தால்தான் உருளை சுழலும். சாவியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதனால்தான் நகலுக்கு நகல் எடுத்துக்கொண்டே போனால் நாலாவது சாவி மக்கர் பண்ணுகிறது. சாவி வெட்ட வரும்போது பூட்டோடு வந்த முதல் சாவியைக் கொண்டு வாருங்கள்.

அந்தத் தட்டுக்கு வருவோம். குச்சியும் ஸ்பிரிங்கும் கறுப்புப் பிசினில் சேர்ந்து எள்ளுருண்டை மாதிரி கிடந்தன. தெருத்தூசி, சாவி தேய்ந்து உதிர்ந்த பித்தளைத்தூள், நாள்பட்டுக் கெட்டியான சமையல் எண்ணெய். ஸ்பிரிங்கால் குச்சியைக் கீழே தள்ள முடியாமல் போனால் சாவி என்ன செய்யும், பாவம்? நீங்கள் துரு நீக்கும் ஸ்பிரேயை நன்றாக அடித்து, சாவியை நுழைத்து நுழைத்து எடுத்து, வருகிற அழுக்கைத் துணியில் துடையுங்கள். ஒரு நாள் காயவிட்டு கிராஃபைட் தூள் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் 2பி பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும் கறுக்கத் தேய்த்துப் பத்துத் தடவை நுழைத்து எடுத்தால் போதும். எண்ணெயையும் கிராஃபைட்டையும் மட்டும் சேர்த்துப் போடாதீர்கள், மறுபடியும் எள்ளுருண்டைதான்.

*சினிமாவில் கொண்டை ஊசியை விட்டு ஒரு நொடியில் பூட்டைத் திறக்கிறார்களே, நிஜமாகவே முடியுமா?*
*மாணவர், பட்டர்வொர்த்*

முடியும் தம்பி. ஒரு நொடியில் முடியாது, ஒரே ஊசியை வைத்தும் முடியாது. ஐந்து துளைகளையும் எந்தத் தொழிற்சாலையாலும் மயிரிழை பிசகாமல் நேராகத் துளைக்க முடியாது. உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஐந்து குச்சியில் ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் அடுத்தது இறுகும். இப்படி ஒவ்வொன்றாக. தொழிலே அந்தச் சின்னப் பிசகை விரல் நுனியில் உணர்வதுதான். நல்ல பூட்டுகளில் நடுவில் இடுப்பு ஒடுங்கிய குச்சி போடுவார்கள். சரியாக வந்துவிட்டது என்று கையை ஏமாற்றிவிடும். என்னையே எத்தனையோ தடவை ஏமாற்றியிருக்கிறது.

லண்டனில் பிராமா என்பவர் தன் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) பரிசு என்று கடை ஜன்னலில் பூட்டோடு அறிவிப்பு வைத்தார். அறுபது வருடத்துக்கு மேல் யாராலும் ஆகவில்லை. 1851-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர்தான் திறந்தார். எவ்வளவு நேரம் தெரியுமா? 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம். அந்த மனிதர் கொண்டை ஊசியோடு வரவில்லை, அதற்கென்று கருவிகள் செய்துகொண்டு வந்தார்.

நம் ஊர்த் திருடனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. திருட்டு நடந்த வீடுகளுக்குப் புதுப் பூட்டுப் போடப் போயிருக்கிறேன். நான் பார்த்தவரை பூட்டு பெரும்பாலும் முழுசாகத் தொங்கிக்கொண்டிருக்கும், கொண்டிதான் பிய்ந்திருக்கும். 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) பூட்டு வாங்கி 3 வெள்ளிக் கொண்டியில் மாட்டுகிறார்கள், அதிலும் திருகாணி நாலும் வெளியே தெரிகிற மாதிரி. ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பூட்டைத் தொடவே வேண்டாமே! மூடினால் திருகாணிகளை மறைக்கிற கொண்டி கேட்டு வாங்குங்கள். பூட்டில் வளையத்தின் இரண்டு காலையும் உள்ளே இரும்புக் குண்டு பிடிக்கிற ரகமா என்று கேளுங்கள். மலிவுப் பூட்டில் ஒரு காலை மட்டும் சின்ன ஸ்பிரிங் நாக்கு பிடித்திருக்கும்.

*அம்மா ராத்திரி கிரில்லை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார். கேட்டால் சண்டை.*
*வாசகர், பிறை*

உங்கள் அம்மா என்னைவிட மூத்தவராக இருந்தால் மன்னிக்கட்டும்: அது தப்பு. விளக்கு எரிகிற இடம் சாமி மேடை. வீட்டில் தீ பிடித்தால் புகையில் கண் தெரியாது. அந்த நேரத்தில் சாமி படத்துக்குப் பின்னால் யார் போய்த் துழாவுவது? கிரில்லுக்கு உள்பக்கம் சாவியில்லாமல் குமிழைத் திருப்பித் திறக்கிற பூட்டுப் போடுங்கள். வெளியிலிருந்து கைவிட்டுத் திருப்ப முடியாதபடி பின்னால் ஒரு தகடு வைத்துப் பற்றவைக்கலாம். அதுவரைக்கும் சாவியைக் கதவருகே, ஜன்னல் வழியாகக் கை எட்டாத ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை உட்பட எல்லாருக்கும் அந்த ஆணி தெரிந்திருக்க வேண்டும்.

*தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த திண்டுக்கல் பூட்டு ஒன்று இருக்கிறது. மாங்காய் வடிவம், கையளவு பெரிசு. சாவி தொலைந்துவிட்டது. அறுத்துவிடலாமா?*
*வாசகி, சுங்கை பட்டாணி*

அறுக்காதீர்கள்! கொண்டு வாருங்கள், கூலிகூட வேண்டாம், பார்த்தால் போதும்.

மாங்காய்ப் பூட்டு கையால் செய்வது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அதற்குள் நான் மேலே சொன்ன குச்சிகள் இருக்காது. லீவர் என்று சொல்கிற தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாய் வெட்டியிருக்கும். சாவி அத்தனை தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கி, வாய்கள் எல்லாம் நேராகும்போதுதான் தாழ் உள்ளே போகும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இந்த இருபக்கக் கணக்குக்கு இங்கிலாந்தில் 1778-இல் பாரன் என்பவர் காப்புரிமை வாங்கினார். 1818-இல் சப் என்பவர் இன்னொரு குறும்பு சேர்த்தார். கள்ளச்சாவி ஒரு தகட்டை அதிகமாகத் தூக்கிவிட்டால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். வீட்டுக்காரர் வந்து சாவி போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சாவி தொலைந்த லீவர் பூட்டுக்குச் சாவி செய்ய நான் வெற்றுச் சாவியை மெழுகுவர்த்திப் புகையில் கறுக்கவைப்பேன். உள்ளே விட்டுத் திருப்பினால் தகடு உரசிய இடத்தில் கறுப்பு போய்ப் பளிச்சென்று கோடு விழும். அந்த இடத்தில் அரம் போட வேண்டும், மறுபடி கறுப்பாக்க வேண்டும். ஒரு மத்தியானம் போய்விடும். பிள்ளைகள் போனில் படம் பிடிப்பார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

கடைக்கு வருகிற மலாய்க்கார நண்பர்களிடம் இந்தப் பூட்டைக் காட்டினால் சிரிப்பார்கள். மலாயில் மாம்பழமும் மங்கா, தொங்கு பூட்டும் மங்கா. பழத்தின் பேர் நம் மாங்காயிலிருந்து போனது. பூட்டை ‘ஈபு குஞ்சி’ என்றும் சொல்வார்கள், தாய். சாவி ‘ஆனாக் குஞ்சி’, பிள்ளை. தாயிருக்கப் பிள்ளை தொலைவதுதான் என் பிழைப்பு.

*கொண்டோவில் டிஜிட்டல் பூட்டு. பேட்டரி தீர்ந்து வெளியே நின்றால் கதவை உடைக்கத்தான் வேண்டுமா?*
*வாசகர், பாயான் லெப்பாஸ்*

வேண்டாம். பல மாடல்களில் வெளிப்பக்கப் பலகையின் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கும். கீழே கடையில் 9 வோல்ட் சதுர பேட்டரி வாங்கி அதில் ஒட்டிப் பிடித்தபடியே எண்ணைத் தட்டுங்கள், திறக்கும். புது மாடலில் போன் சார்ஜர் வயர் சொருகும் ஓட்டை இருக்கும். பல பூட்டுகளோடு ஒரு சாதாரணச் சாவியும் கொடுத்திருப்பார்கள். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? வீட்டுக்குள் அலமாரியில். தெரியும்.

*யார் கூப்பிட்டாலும் போய்க் கதவைத் திறந்து கொடுப்பீர்களா?*
*வாசகி, கெப்பாலா பத்தாஸ்*

தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் மூச்சிரைக்க வந்து, ‘அண்ணே, அடுப்பில் சோறு இருக்கு, கதவு சாத்திக்கிச்சு’ என்றார். ஓடிப்போய்த் திறந்தேன். அடுப்பும் இல்லை, சோறும் இல்லை. வாடகை பாக்கியென்று வீட்டுக்காரர் பூட்டிவைத்த வீடு அது. சாமான் மூட்டை கட்டுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டார் திரண்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் முழுக்கப் போலீஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பிளாஸ்கில் தேநீரோடு வந்து ஒரு வார்த்தை பேசாமல் ஊற்றிக் கொடுத்தாள். அதிலிருந்து ஐசி (அடையாள அட்டை), வீட்டு முகவரி போட்ட ஒரு பில், பக்கத்து வீட்டார் ஒருவர், மூன்றும் வேண்டும். அடுப்பில் சோறு இருந்தாலும் சரி.

*இறந்துபோன அப்பாவின் பயணப் பெட்டியில் மூன்று எண் பூட்டு. எண் யாருக்கும் தெரியவில்லை.*
*வாசகர், தைப்பிங்*

000 முதல் 999 வரை ஆயிரம்தான். வளையத்தையோ பொத்தானையோ இழுத்துப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தள்ளிக்கொண்டே வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் திறந்துவிடும், காசு செலவில்லை. ஆனால் 000-இல் தொடங்குமுன் அப்பாவின் முதல் மோட்டார் சைக்கிள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.