பின் இருக்கையிலிருந்து வந்த பேனா

"பேருந்தில் அலுவலக விவகாரங்களைக் கைபேசியில் உரக்கப் பேசுகிறவர்களால் உண்மையிலேயே யாருக்காவது நஷ்டம் வந்திருக்கிறதா? அப்படிப் பேசுகிறவரை என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்து இருக்கையில் மாட்டிக்கொண்ட எரிச்சலில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் அந்த ஒருவர் நானாக இருந்தேன், நஷ்டமும் வந்தது.

குன்னூர் ஏலத்தில் தேயிலை வாங்கும் நிறுவனம் ஒன்றில் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்தேன். வியாழக்கிழமை இலை ரகங்களும் வெள்ளிக்கிழமை 'டஸ்ட்' என்னும் தூள் ரகங்களும் ஏலத்துக்கு வரும். எந்த லாட்டில், அதாவது ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் எந்தத் தொகுப்பில், எந்தத் தொழிற்சாலையின் சரக்கு எத்தனை மூட்டை இருக்கிறது என்பது கேட்டலாக்கில் அச்சாகி எல்லோர் கையிலும் இருக்கும். தரகர் சொல்லும் மதிப்பு விலையும் தெரியும். மாதிரியையும் எல்லோரும் சுவைத்துப் பார்த்திருப்பார்கள். ஆகவே வாங்குகிற நிறுவனத்துக்கென்று மிஞ்சுகிற ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: எந்த லாட்டுக்கு எந்த விலை வரை போவது என்னும் 'லிமிட்'.

ஒரு வியாழக்கிழமை மாலை, உறவினர் வீட்டு விசேஷத்துக்காக ஊட்டிக்குப் போய்விட்டு அரசுப் பேருந்தில் குன்னூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எல்லநள்ளியைத் தாண்டும்போது மேலாளர் அழைத்தார். மறுநாள் டஸ்ட் ஏலத்துக்கான லிமிட்டுகளை மாற்ற வேண்டும் என்றார். மலைப்பாதையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதும், அதை ஈடுகட்ட நாம் குரலை உயர்த்துவோம் என்பதும், எண்களைச் சரிபார்க்க இரண்டு முறை திருப்பிச் சொல்வோம் என்பதும். மூடுபனிக் காலமாகையால் கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. ஒரு சொல்லும் வெளியே போக வழியில்லை. கேட்டலாக்கை முழங்கால்மேல் விரித்து ஓரத்தில் குறிக்கப் போனபோது என் பேனா எழுதவில்லை. பின்னால் திரும்பி, பெரியவர் ஒருவரிடம் பேனா கேட்டேன். "மெதுவா எழுதிக்குங்க தம்பி, நான் பஸ் ஸ்டாண்டுலதான் இறங்கறேன்" என்று கொடுத்தார். லாட் எண்ணைச் சொல்லி, விலையைச் சொல்லி, "எண்பத்தெட்டுதானே சார், எண்பத்தெட்டுதானே?" என்று கத்தி, ஒன்பது லாட்டுகளையும் அருவங்காடு வருவதற்குள் எழுதி முடித்தேன். பேனாவை நன்றியோடு திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் ஒன்பதில் ஏழு லாட்டுகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. 88 ரூபாய் என்று நான் எழுதியிருந்தது 89க்குப் போனது. 92 என்று எழுதியிருந்தது 93க்குப் போனது. ஏழிலும் அதே ஒரு ரூபாய்தான். சந்தையில் வரத்து குறைந்த வாரம் அது, தற்செயலாகவும் நடந்திருக்கலாம் என்று சிலர் சொல்வீர்கள். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு தரகர் அலுவலகத்தின் சுவைக்கும் அறைக்குப் போனபோது, வரிசையாக வைத்திருந்த கோப்பைகளிலிருந்து கரண்டியால் உறிஞ்சித் துப்பிக்கொண்டே ஒருவர் நகர்ந்து வந்தார். பேருந்துப் பெரியவர்தான். என்னைப் பார்த்ததும் கரண்டியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "பேனா இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பயணம் செய்ய வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பேருந்தில் இருப்பவர்கள் முன்பின் அறியாதவர்கள் என்று நம்பிப் பேசலாம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிக்கு நடுவே தேயிலைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அதே பேருந்தில்தான் ஏறுகிறார்கள், அதே பேக்கரியில்தான் நிற்கிறார்கள். நீலகிரியின் படுக மொழியில் பேசினால் வெளியாருக்குப் புரியாது என்று நினைக்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. பக்கத்துக் கடைக்காரருக்குக்கூட அது புரியும், விலையை அந்த நண்பர்களும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள்.

அந்த ஆண்டு என் போனஸில் பாதியைப் பிடித்தார்கள். தவறு என்னுடையது என்பதால் பேசாமல் இருந்தேன். ஆனால் சில மாதங்கள் கழித்து ஒரு பேக்கரியில் கால் கிலோ வர்க்கி வாங்கி, வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தபோது, நெய்க்கறைக்கு நடுவே எங்கள் மேலாளரின் பச்சை மையில் எழுதிய பழைய லிமிட் தாள் இருந்தது. கிழிக்காமல், எரிக்காமல், அலுவலகத்துக் காகிதத்தை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்கு யாருடைய போனஸும் பிடிக்கப்படவில்லை. இதை இங்கே சொல்வது பழைய கோபம் என்று தோன்றினால், ஆம், பழைய கோபம்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. போன மாதம் கோத்தகிரிப் பேருந்தில், கடன் வசூலோ கடன் விண்ணப்பமோ தெரியவில்லை, ஓர் இளைஞர் யாரோ ஒரு பெண்மணியின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, அவருடைய ஆதார் எண்ணை நான்கு நான்கு இலக்கமாக வாசித்துக்கொண்டிருந்தார். முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரைத் தரவிறக்கிக்கொள்ள ஆதார் வழங்கும் ஆணையமே வழி செய்து வைத்திருக்கிறது. இவரோ பன்னிரண்டையும் ஒரு பேருந்துக்கே ஒப்பித்தார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். ஆனால் பேருந்தில் வாயால் சொன்ன எண்ணுக்கு எந்தக் கணினியிலும் தடயம் இருக்காது. என் ஏழு லாட்டுகளுக்கும் அப்படித்தான் ஒரு தடயமும் இருக்கவில்லை.

"மெதுவாகப் பேசுங்கள்" என்று சொன்னால் சத்தத்தைக் குறை சொல்வதாக நினைத்துச் சண்டைக்கு வருவார்கள். எனவே அவர் அழைப்பை முடித்ததும், பெயர், ஊர், பன்னிரண்டு இலக்கங்கள் எல்லாவற்றையும் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் முகம் மாறியது, "சார், நீங்க யாரு?" என்றார். பிறர் எண்ணை மனப்பாடம் செய்தது சரியா என்று என்னையே கேட்பீர்கள். வீடு சேர்வதற்குள் மறந்துவிட்டேன், கடைசி நான்கு இலக்கங்களைத் தவிர.